மனச்சோர்வுக்கு நான் எடுத்துக்கொண்ட சிகிச்சைகள்: நான்கு ஆண்டு அனுபவம்

பெங்களூரு பீன்யாவில் ஓர் உதிரிபாகத் தொழிற்சாலையில் தரப் பரிசோதகராக இருக்கிறேன். நாள் முழுவதும் மைக்ரோமீட்டரும் வெர்னியரும்தான் கையில். 2021 ஜூன் மாதத்தில் ஒருநாள் ஒரே ஷாஃப்டை நான்கு முறை அளந்துவிட்டும் பதிவேட்டில் எந்த எண்ணை எழுதுவது என்று தீர்மானிக்க முடியாமல் நின்றேன். நான்கு முறையும் ஒரே அளவுதான் வந்திருந்தது. ஆனாலும் கை எழுத மறுத்தது.

உடம்பில்தான் கோளாறு என்று நினைத்தேன். விடியற்காலை மூன்று மணிக்கு விழிப்பு வந்துவிடும். நெஞ்சில் அம்மிக்கல்லை ஏற்றிவைத்ததுபோல் பாரம். சாப்பாடு ருசிக்கவில்லை. வீட்டுக்குப் பக்கத்தில் இருந்த ஒரு மருத்துவர் இ.சி.ஜி. எடுத்துப் பார்த்து, இதயத்தில் ஒன்றுமில்லை என்றார். முதலில் வாயுவுக்கு மாத்திரை கொடுத்தார், பிறகு தூக்கத்துக்கு குளோனசெபாம். தூக்கம் வந்தது உண்மை. ஆனால் கண் விழித்ததும் அந்தப் பாரம் வைத்த இடத்திலேயே இருந்தது. அந்த வகை மாத்திரை பதற்றத்தைத் தணிக்கும், மனச்சோர்வைத் தீர்க்காது, மாதக்கணக்கில் விழுங்கினால் உடம்பு அதற்குப் பழகிவிடும் என்பதெல்லாம் பின்னால்தான் தெரிந்தது. நோய்க்குப் பெயரே வைக்காமல் போன அந்த மாதங்களை நினைத்தால் இன்றும் எனக்கு ஆற்றாமை தீரவில்லை.

அக்டோபரில் என் மனைவி மனநல மருத்துவரிடம் அழைத்துப்போனாள். அவர் முதலில் தைராய்டு, பி12 பரிசோதனைகள் எழுதினார். அவற்றில் குறை இருந்தாலும் இதே அறிகுறிகள் வரலாம் என்பதால் அதை முதலில் விலக்கிவிட வேண்டுமாம். பிறகு கேட்டார்: "குடும்பத்தில் யாருக்காவது இப்படி இருந்திருக்கிறதா?" இல்லை என்றேன். வீடு திரும்ப மெட்ரோவில் உட்கார்ந்த பிறகுதான் அப்பா நினைவுக்கு வந்தார்.

நாங்கள் கோலார் தங்கவயல்காரர்கள். அப்பா சாம்பியன் ரீப் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கம் மூடப்பட்டது. அதன்பின் அவர் லைன் வீட்டு (சுரங்கத் தொழிலாளர்களின் வரிசை வீடு) வாசற்படியில் உட்கார்ந்தார். வேலை தேடவில்லை, சண்டை போடவில்லை, குடிக்கவும் இல்லை. தட்டில் வைத்ததைத் தின்றார். "வேலை போன துக்கம், நாளானால் ஆறிவிடும்" என்று அம்மா சொல்வார். 2009இல் அப்பா இறக்கும்வரை அது ஆறவில்லை. எந்தச் சிகிச்சை மேல் என்று என்னிடம் கேட்கிறவர்களுக்கு முதலில் அப்பாவைப் பற்றித்தான் சொல்கிறேன். சிகிச்சையே எடுக்காமல் விட்டால் எப்படிப் போகும் என்பதை எட்டு வருடம் பார்த்தவன் நான். கீழே எழுதியிருக்கும் எல்லாவற்றையும் அந்த வாசற்படியோடு வைத்துத்தான் ஒப்பிடுகிறேன்.

மருத்துவர் பி.எச்.க்யூ-9 என்ற கேள்வித்தாளை நிரப்பச் சொன்னார். கடந்த இரண்டு வாரங்களைப் பற்றி ஒன்பது கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை, மொத்தம் 27. எண் கூடக்கூட நோய் கடுமை. எனக்கு 17 வந்தது. அந்த எண்ணைப் பார்த்ததும் எனக்கு ஒரு பிடிப்பு கிடைத்தது. அன்றிலிருந்து மாதம் ஒருமுறை அதை நிரப்பி நோட்டில் குறித்து வருகிறேன். சாவைப் பற்றிக் கேட்கும் ஒன்பதாவது கேள்விக்கு மட்டும் ஆரம்பத்தில் இரண்டு முறை பொய் எழுதினேன். அப்படிச் செய்யாதீர்கள். மருத்துவர் உங்களை எவ்வளவு சீக்கிரம் மறுபடி பார்க்க வேண்டும் என்பதை முடிவு செய்ய அந்தப் பதில் அவருக்கு வேண்டும்.

மனச்சோர்வுக்கு அவர் எழுதித் தந்த மாத்திரை எஸ்சிட்டலோபிராம், ஒரு வாரம் 5 மி.கி., பிறகு 10. முதல் பத்து நாள் குமட்டலும் இருப்புக்கொள்ளாத தவிப்பும். இதையா மருந்து என்கிறார்கள் என்று தோன்றியது. பலன் தெரிய நான்கிலிருந்து ஆறு வாரம் ஆகலாம் என்று அவர் முன்பே சொல்லியிருக்காவிட்டால் அப்போதே தூக்கி எறிந்திருப்பேன். நான்காம் வாரம் விழிப்பு மூன்று மணியிலிருந்து ஐந்துக்கு நகர்ந்தது. ஆறாம் வாரம் ஒரு மதியம், "குழம்பில் உப்பு குறைச்சலா?" என்று கேட்டேன். மனைவி பதில் சொல்லாமல் அடுப்படிக்குள் போய்விட்டாள். கொஞ்ச நேரம் கழித்துப் போய்ப் பார்த்தால் அழுதுகொண்டிருக்கிறாள். நான் உப்பைப் பற்றிப் பேசி ஐந்து மாதம் ஆகியிருந்தது.

மாத்திரை சந்தோஷம் தராது. அதை எதிர்பார்த்துப் போட்டால் ஏமாற்றம்தான். எனக்கு முதலில் தூக்கத்தைத் தந்தது, அடுத்து ருசியை, அதன் பிறகு ஒரு பக்கத்தை முழுதாகப் படித்து முடிக்கும் கவனத்தை. நோட்டில் எண் 9க்கு இறங்கியது. "எந்த மாத்திரை சிறந்தது?" என்று பலர் கேட்கிறார்கள். 2018இல் லான்செட் இதழில் வந்த ஆய்வு 522 சோதனைகளைத் திரட்டி 21 மருந்துகளை ஒப்பிட்டது. அத்தனையும் வெற்று மாத்திரையைவிட நல்ல பலன் தந்திருந்தன, தங்களுக்குள் பெரிய ஏற்றத்தாழ்வு இல்லை. ஆனால் அது சராசரிக் கணக்கு; பக்கத்து வீட்டுக்காரருக்குக் கேட்ட மருந்து உங்களுக்கும் கேட்கும் என்று சொல்ல முடியாது. முதல் மருந்திலேயே முழுக்கத் தெளிகிறவர்கள் ஏறக்குறைய மூன்றில் ஒருவர்தான் என்று என் மருத்துவர் சொன்னார். ஒன்று கேட்கவில்லை என்றால் கதவு மூடிவிட்டதாக நினைக்க வேண்டியதில்லை.

ஆண்கள் பேசத் தயங்கும் ஒன்றையும் எழுதிவிடுகிறேன். இந்த மாத்திரை தாம்பத்தியத்தில் நாட்டத்தைக் குறைக்கலாம். எனக்குக் குறைத்தது. வெட்கப்பட்டு மூன்று மாதம் மறைத்தேன், கடைசியில் அந்த எரிச்சலில் 2022 மார்ச்சில் நானாகவே நிறுத்திவிட்டேன். மூன்றாம் நாளே தலைசுற்றலும், கழுத்தைத் திருப்பினால் தலைக்குள் மின்சாரம் பாய்வது போன்ற வெட்டும் வந்தன. அவை இரண்டு வாரத்தில் போயின. ஆனால் மே மாதம் பழைய பாரம் திரும்பிவிட்டது. நோட்டில் 19. முதல் தடவையைவிட மோசம். பிறகு மருத்துவரிடம் உண்மையைச் சொன்னேன். "இதை அன்றைக்கே சொல்லியிருந்தால் அளவைக் குறைத்திருக்கலாம், மருந்தை மாற்றியிருக்கலாம், வழி இருக்கிறதே" என்றார். தெளிந்துவிட்டது என்று தோன்றிய பிறகும் குறைந்தது ஆறு மாதம் தொடர வேண்டும், நிறுத்துவதாக இருந்தால் படிப்படியாகக் குறைக்க வேண்டும் என்பதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

இந்த இரண்டாவது சரிவில் மாத்திரையோடு பேச்சு சிகிச்சையும் சேர்ந்தது. அதில்தான் நான் அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலில் போன இடத்தில் ஆங்கிலத்தில் எட்டு அமர்வுகள், ஒன்றுக்கு 1,500 ரூபாய். ஆலோசகர் அன்பானவர், அவர்மேல் எனக்குக் குறையில்லை. ஆனால் ஆங்கிலத்தில் நான் தொழிற்சாலைக்கு அறிக்கை எழுதுகிறவன். அதே மாதிரிதான் என் துக்கத்தையும் சொன்னேன்: தேதி, காரணம், நடவடிக்கை. எட்டு வாரம் முடிந்தபோது அவருக்கு என்னைப் பற்றி எல்லாம் தெரிந்திருந்தது, எனக்கு ஒன்றும் இறங்கவில்லை.

2022 அக்டோபரில் மத்திய அரசின் டெலி மானஸ் என்ற தொலைபேசி மனநல உதவிச் சேவை தொடங்கியது. 14416 என்ற எண், எந்நேரமும், கட்டணம் இல்லை, தமிழிலும் பேசலாம். ஜனவரியில் ஓர் இரவு அழைத்தேன். அந்த வழியாகத்தான் பெங்களூரின் அரசு மனநல மருத்துவமனையான நிம்ஹான்ஸ் போனேன். காத்திருக்கும் கூடத்தில் ஓசூர், கிருஷ்ணகிரி, தர்மபுரிப் பக்கத்துத் தமிழ் சுற்றிலும் கேட்டது. எனக்குக் கிடைத்த உளவியலாளரும் தமிழ் பேசுகிறவர். இரண்டாம் அமர்வில் அவர், "அப்பா வாசற்படியில் உட்கார்ந்திருந்தபோது நீங்கள் எங்கே இருந்தீர்கள் சார்?" என்று கேட்டார். "நான் பெங்களூருக்கு வந்துவிட்டேன் மேடம், அவரை விட்டுட்டு வந்துட்டேன்" என்று சொன்ன பிறகு என்னால் பேச முடியவில்லை. ஆங்கிலத்தில் அதே செய்தியை "இடம் பெயர்ந்தேன்" என்ற பொருளில் பல முறை சொல்லியிருக்கிறேன். 'விட்டுட்டு' என்ற சொல் அந்த மொழியில் என் வாயில் வந்ததே இல்லை. பெங்களூரில் நன்றாக ஆங்கிலமும் கன்னடமும் பேசும் தமிழர்களுக்கு என் வேண்டுகோள்: அழுவது எந்த மொழியிலோ அந்த மொழியில் சிகிச்சை தேடுங்கள். அதற்காக இரண்டு மாதம் காத்திருக்க நேர்ந்தாலும் பரவாயில்லை.

அங்கே செய்தது பெரிய தத்துவ விசாரம் அல்ல. ஒரு வாரத்தை மணி மணியாக எழுதி, எதைச் செய்தபோது மனம் ஒரு நூல் அளவாவது ஏறியது என்று குறிக்கச் சொன்னார். பிறகு, மனம் வருகிறதா என்று பார்க்காமல், அதையே மறுநாளும் செய்ய வேண்டும். இதே அடிப்படையில் கோவாவின் ஆரம்ப சுகாதார நிலையங்களில், மருத்துவப் படிப்பில்லாத பயிற்சி பெற்ற ஆலோசகர்களைக் கொண்டே ஆறு முதல் எட்டு அமர்வுகளில் பலன் கண்டிருக்கிறார்கள், 2017இல் அது வெளியானது. எனக்குப் பதினான்கு அமர்வுகள் ஆயின. எண் 6.

நடைப்பயிற்சி அந்தத் தாளிலிருந்து வந்ததுதான். ஸ்ரீராமபுரத்திலிருந்து சாங்கி ஏரிக்குப் போய்ச் சுற்றிவிட்டு வருவேன். உதவுகிறது, சந்தேகமில்லை. ஆனால் 19 இருந்த மாதத்தில் "நடந்தால் சரியாகிவிடும்" என்று சொன்ன உறவினர்கள் என்னைக் காயப்படுத்தினார்கள். அப்போது எனக்குச் செருப்பை மாட்டவே அரை மணி நேரம் ஆகும்.

மின்னதிர்வுச் சிகிச்சை (மூளைக்குச் சிறிதளவு மின்சாரம் செலுத்துவது) எனக்குத் தேவைப்படவில்லை. ஆனால் அந்தக் கூடத்தில் ஓர் அம்மாவைப் பார்த்தேன். சாப்பாட்டையும் பேச்சையும் விட்டுவிட்டவர் என்று அவர் மகன் சொன்னார். சில வாரங்கள் கழித்து அதே அம்மா என்னிடம் மணி கேட்டார். மயக்க மருந்தும் தசை தளர்த்தும் மருந்தும் கொடுக்காமல் அதைச் செய்வதை 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டம் தடை செய்திருக்கிறது. சிலருக்குச் சமீபத்திய நினைவுகள் கொஞ்ச காலம் மங்கும், அதை மறைக்க வேண்டாம். கடுமையான நோயில் அதைவிட வேகமாக வேலை செய்வது அரிது. திரைப்படத்தில் பார்த்ததை வைத்துப் பயந்து மறுத்துவிடாதீர்கள்.

இதை எழுதுவது 2025இல். இரண்டு முறை வந்துவிட்டதால் இரண்டு ஆண்டு மாத்திரையைத் தொடரச் சொன்னார்கள், தொடர்ந்தேன். இந்த ஜூலையில் 10 மி.கி.யிலிருந்து 5க்கு இறங்கியிருக்கிறேன். மூன்று மணி விழிப்பு இரண்டு நாள் தொடர்ந்து வந்தால் மருத்துவரைக் கூப்பிட வேண்டும் என்று நோட்டின் முதல் பக்கத்தில் மனைவி எழுதிவைத்திருக்கிறாள். போன ஞாயிற்றுக்கிழமை எண் 3. அன்று தங்கவயலுக்குப் போயிருந்தோம். வாசற்படியில் அம்மாவோடு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகு எழுந்து கடைக்குப் போய் மாவு வாங்கி வந்தேன்.