புதுத்தண்ணீருக்கு இந்த டெஸ்ட் கிட் போதுமா?

மேட்டூர் திறந்து, கல்லணை தாண்டி, திருத்துறைப்பூண்டிப் பக்கம் எங்கள் வாய்க்காலுக்குத் தண்ணீர் வரும்போது ஊரே மதகடியில்தான் நிற்கும். அந்தத் தண்ணீரை உடனே மீன் குளத்துக்குத் திருப்பலாமா என்று பார்க்கத்தான் தீவனக் கடையில் இந்த டெஸ்ட் கிட்டை வாங்கினேன். ஆக்சிஜன், அம்மோனியா, நைட்ரேட், பி.ஹெச். (அமில-காரத் தன்மை) நான்கையும் பார்க்கலாம்.

ஆக்சிஜன் சோதனைக்கு முழு மார்க். குமிழி இல்லாமல் குப்பியை நிரப்பி இரண்டு மருந்தையும் விட வேண்டும். ஆக்சிஜன் இருந்தால் பழுப்பாகத் திரிந்து அடியில் படியும், இல்லாவிட்டால் வெள்ளையாகவே படியும். முதல் தண்ணீரில் எனக்கு வந்தது பழுப்பு என்று சொல்லவே முடியாத ஒரு நிறம். அப்புறம் அமிலம் விட்டுச் சொட்டுக் கணக்குப் பார்த்தால் லிட்டருக்கு 2 மில்லிகிராம். கட்லா, ரோகுவுக்கு 5 இருந்தால்தான் நிம்மதி. மதகைத் திறக்கவில்லை.

ஓடி வருகிற தண்ணீருக்கு ஏன் இந்த நிலை? கோடையில் வாய்க்கால் களி வெடித்துக் கிடக்கும்போது காற்று உள்ளே இறங்கி, மண்ணிலிருக்கும் அம்மோனியா நைட்ரேட்டாக மாறிச் சேர்ந்துவிடுகிறது. மண் காய்வதைத் தாங்காமல் நுண்ணுயிர்களும் நிறையச் செத்துப்போகின்றன. திரும்ப நனைந்ததும் அந்தச் சத்தோடு சருகின் சாறு, சாணம் எல்லாம் கரைகிறது. பிழைத்த நுண்ணுயிர்கள் அதைத் தின்று பெருகும் வேகத்தில் ஆக்சிஜன் காலி. ஆக்சிஜன் போன அடிமண்ணில், இரும்போடு ஒட்டியிருந்த பாஸ்பேட்டும் கழன்று வருகிறது. பின்னால் குளம் பச்சைப்பசேலென்று பாசி பிடிப்பதில் அதற்கும் பங்குண்டு. கிட்டில் பாஸ்பேட்டுக்கு மருந்தே இல்லை. வண்டலோடு வரும் தண்ணீரைச் சோதிக்கிறவனுக்கு இது பெரிய குறை.

அடுத்த குறை அம்மோனியா சோதனை. மருந்து விட்டால் மஞ்சள், அளவு கூடினால் ஆரஞ்சு. ஆனால் முதல் தண்ணீரே சருகு ஊறி டீத்தண்ணீர் மாதிரிதானே வருகிறது! எது மருந்தின் நிறம், எது தண்ணீரின் நிறம்? தெளிய வைத்தாலும், வடிகட்டினாலும் கலங்கல்தான் போகிறது, அந்த நிறம் போவதில்லை. மருந்து விடாத அதே தண்ணீரை இன்னொரு குழாயில் எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஓரளவு பிடிபடும். கிட்டில் கொடுத்திருப்பதோ ஒரே குழாய். அந்த மருந்தில் பாதரசம் இருக்கிறது என்பதையும் பொடி எழுத்தில் போட்டிருக்கிறார்கள். சோதித்த தண்ணீரைக் குளத்திலோ வாய்க்காலிலோ கொட்டிவிடாதீர்கள்.

நைட்ரேட் நிற அட்டையில் 20-க்கும் 40-க்கும் நடுவில் என் கண்ணுக்கு வித்தியாசமே தெரியவில்லை. பி.ஹெச். பரவாயில்லை.

ஐந்துக்கு மூன்று கொடுப்பேன், அதில் இரண்டு ஆக்சிஜன் சோதனைக்கே. வாங்குகிறவர்கள் ஆக்சிஜன் மருந்து மட்டும் தனியாகக் கிடைக்குமா என்று கடையில் கேட்டுக்கொள்ளுங்கள், முதலில் தீர்வது அதுதான்.