19-லிருந்து 21-க்கு: பெரிய முன்சக்கரத்தோடு 22,000 கிலோமீட்டர்

எங்கள் வீட்டுப் பரணில் சாக்குப்பையில் சுற்றிய அலாய் வீல் ஒன்று கிடக்கிறது. ஒவ்வொரு பொங்கலுக்கும் வீடு ஒழிக்கும்போது, "இதை எடைக்குப் போட்டுடலாமுங்களா?" என்று வீட்டுக்காரம்மா கேட்பார். வேண்டாம் என்பேன். என்றைக்காவது வண்டியை விற்க நேர்ந்தால் அது வேண்டும்.

வண்டி கேடிஎம் 390 அட்வென்ச்சர், 2021-ல் எடுத்தது. முன்னால் 19 இன்ச், பின்னால் 17 இன்ச், இரண்டும் அலாய். தாளவாடிப் பக்கம் ஒரு மண் பாதையில் சுற்றிவிட்டு வரும்போது முன் ரிம்மின் விளிம்பு குழியில் அடித்து வளைந்தது. அதில் வண்டியைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. மண்ணுக்காகக் காற்றை 22 பிஎஸ்ஐ-க்கு இறக்கிவிட்டு, தார் ரோடு வந்ததும் ஏற்றச் சோம்பல்பட்டு 70-ல் போனவன் நான். கோட்டம் எடுத்து ஓட்டியிருக்கலாம். ஆனால் இமாச்சலத்தின் ஸ்பிட்டி பள்ளத்தாக்குக்குப் போகும் ஆசை மனதில் உட்கார்ந்திருந்ததால் அதையே சாக்காக வைத்து 21 இன்ச் ஸ்போக் வீலுக்கு, அதாவது கம்பி கோத்த சக்கரத்துக்குத் தாவினேன். அது 2023 மார்ச்.

இறங்குவதற்கு முன் ஒரு நோட்டில் கணக்குப் போட்டேன். கம்பெனி முன் டயர் 100/90-19 (அகலம் 100 மில்லிமீட்டர், பக்க உயரம் அதில் 90 சதவீதம், ரிம் 19 இன்ச்), அதன் விட்டம் சுமார் 663 மில்லிமீட்டர். 90/90-21 போட்டால் 695. அதாவது ஒரு கிலோமீட்டருக்கு 480 சுற்று சுற்றிய சக்கரம் இனி 458 சுற்றுதான் சுற்றும். 5 சதவீதம்தானே என்று நோட்டை மூடிவிட்டேன். அந்த 5 சதவீதம் பிறகு வட்டியோடு வந்து கேட்டது.

ரிம், ஸ்போக்ஸ் கம்பி, ஹப், டயர், டியூப், லேத் வேலை, கூலி எல்லாம் சேர்ந்து 40,000 ரூபாயைத் தாண்டியது. இதில் ரிம்மைவிட, சக்கரத்தின் நடுக்குடமான ஹப்தான் முக்கியம். பழைய 320 மில்லிமீட்டர் பிரேக் டிஸ்க்கும், பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ்ஸுக்குச் சக்கர வேகம் காட்டும் ரிங்கும் புது ஹப்பில் இருந்த இடத்திலேயே உட்கார வேண்டும். கோவையில் நான் கொடுத்த கடைக்காரர் கம்பி கோத்து வீல் கட்டுவதில் கெட்டிக்காரர், ஆனால் ஸ்பேசர் கடைசலில் அரை மில்லிமீட்டர் கோட்டைவிட்டார். மூன்றாம் நாள் ஏபிஎஸ் விளக்கு எரிந்தது. ரிங்குக்கும் சென்சாருக்கும் நடுவே இருக்கும் இடைவெளியே ஒரு மில்லிமீட்டர் அளவுதான்; அதில் அரை தள்ளிப் போனால் சென்சாருக்குக் கண் தெரியாது. திரும்பக் கழற்றிக் கடைந்து போட இன்னும் இரண்டு நாள் ஆனது. ஒரு நல்ல காரியமும் செய்தார். வண்டியை பெல்ட் போட்டு இழுத்து முன் ஃபோர்க்கை முழுசாக அமுக்கி, டயர் எதிலாவது உரசுகிறதா என்று காட்டினார். மட்கார்டில் உரசியது. அடியில் ஸ்பேசர் வைத்துத் தூக்கிய பிறகு நிம்மதி. இதைச் சோதிக்காமல் வண்டியைக் கொடுக்கும் கடையில் வேலையே கொடுக்காதீர்கள். ஒரு பெரிய குழியில் ஃபோர்க் முழுசாக இறங்கும்போது சக்கரம் மட்கார்டைப் பிடித்தால் ஆள் ஹேண்டிலைத் தாண்டித்தான் போவான்.

முதல் வாரமே சைடு ஸ்டாண்டு பிரச்சினை. முன்பக்கம் ஒன்றரை சென்டிமீட்டர் ஏறியதால் வண்டி அளவுக்கு மீறி இடது பக்கம் சாய்ந்து நின்றது. ஸ்டாண்டின் அடியில் ஒரு தகடு வெல்டிங் வைத்தேன். 855 மில்லிமீட்டர் சீட்டும் ஒரு சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் மேலாகவே உயர்ந்துவிட்டது. நான் ஐந்து அடி ஆறு அங்குலம். சிக்னலில் முன்பே ஒரு கால்தான் முழுசாக ஊன்றும், இப்போது பின்னால் ஆள் இருந்தால் ரோட்டின் சரிவைப் பார்த்துத்தான் நிறுத்துகிறேன். "ஏணி ஒண்ணும் சேர்த்து வாங்கீருக்கலாமுங்க" என்றார் பின்சீட்டுக்காரர்.

அந்த 5 சதவீதத்தின் முழு முகம் ஆலியாறிலிருந்து வால்பாறை ஏறும்போது தெரிந்தது. கொண்டை ஊசி வளைவிலிருந்து வெளியே வந்து ஆக்சிலேட்டர் கொடுத்தால் எஞ்சின் இருமியது. பெட்ரோலில் தண்ணீர் என்று நினைத்தேன். விஷயம் வேறு. டிராக்ஷன் கன்ட்ரோல் முன்சக்கர வேகத்தையும் பின்சக்கர வேகத்தையும் ஒப்பிட்டுக்கொண்டே இருக்கும். முன்சக்கரம் பெரிதாகிவிட்டது அதற்குத் தெரியாது. முன்னது மெதுவாகச் சுற்றுவதைப் பார்த்து, பின்சக்கரம் வழுக்குகிறது என்று முடிவு செய்து எஞ்சினின் கழுத்தைப் பிடித்தது. அணைத்துவிட்டு ஓட்டலாம்தான். மழை நேரத்து மலைப்பாதையில் அதை அணைப்பதற்கா இவ்வளவு காசு கொடுத்து அந்த வசதியுள்ள வண்டி வாங்கினேன்?

தீர்வு பின்சக்கரத்தில் இருந்தது. 130/80-17 இருந்த இடத்தில் 140/80-17 போட்டேன். விட்டம் 640-லிருந்து 656 ஆனது. முன்-பின் விகிதம் கம்பெனி கணக்கிலிருந்து விலகியிருந்தது பாதியாகக் குறைந்தது, இருமலும் நின்றது. 2023 நவம்பரில் ராயல் என்ஃபீல்டின் ஹிமாலயன் 450 வந்தபோது அதன் டயர்கள் 90/90-21, 140/80-17 என்று பார்த்ததும் எனக்கு ஒரே சந்தோஷம். இனி என் அளவு டயருக்கு அலைய வேண்டாமே! பின்னால் 18 இன்ச் ரிம்மே போட்டு 120/90-18 மாட்டினால் விகிதம் ஏறக்குறைய கம்பெனி கணக்குக்கே வந்துவிடும். ஆனால் கியர் விகிதம் நீண்டு இழுவை குறையும். அதைச் சரிக்கட்ட, செயின் ஓடும் பின் ஸ்ப்ராக்கெட்டில் இரண்டு பல் கூட்ட வேண்டும். சீட் இன்னும் ஏறும். நான் அந்தப் பக்கம் போகவில்லை.

ஓட்டும் சுகத்துக்கு வருகிறேன். தார் ரோட்டில் 19 இன்ச்தான் சுகம். பொய் சொல்லிப் பயனில்லை. முன்பெல்லாம் கண் போன பக்கம் வண்டி போகும். இப்போது வளைவுக்குள் போக ஹேண்டிலைத் தள்ள வேண்டியிருக்கிறது. பெரிய சக்கரம் தன் சுழற்சியை விட்டுக்கொடுக்காது, டிரெயிலும் (ஹேண்டில் திரும்பும் அச்சு தரையைத் தொடும் இடத்துக்கும் டயர் தரையைத் தொடும் இடத்துக்கும் உள்ள தூரம்) 8 மில்லிமீட்டர் அளவுக்குக் கூடிவிட்டது. வால்பாறையின் 40 கொண்டை ஊசியில் தோள் வலித்தது; கொல்லிமலையின் 70-ல் பழகிவிட்டது. நேர்ரோட்டில் இதே குணம் நல்ல பெயர் வாங்கித் தருகிறது. லாரிக் காற்றிலும் வண்டி கோடு மாறுவதில்லை. டயர் ஒல்லியானதால் ஈர ரோட்டில் பிரேக்கை அழுத்தினால் ஏபிஎஸ் முன்பைவிடச் சீக்கிரம் துடிக்கிறது. கோத்தகிரி இறக்கத்தில் இதை மறந்து ஒருமுறை பஸ்ஸுக்குப் பின்னால் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

மண்ணில் கதையே வேறு. 2024 செப்டம்பரில் ஸ்பிட்டி. வண்டியை ரயில் பார்சலில் அனுப்பிவிட்டு, காசாவிலிருந்து குன்சும் கணவாய் ஏறி பட்டல் வழியாகக் கிராம்பு இறங்கினோம். பட்டலுக்குப் பிறகு ரோடு என்பது பெயருக்குத்தான். தேங்காய் அளவுக் கல், நடுநடுவே பனி உருகி ரோட்டைக் கடக்கும் ஓடை. நான்கு வண்டிகளில் மூன்று 19 இன்ச். அவர்கள் கல்லைத் தேடித் தேடி ஒதுக்கிப் போனார்கள். நான் எழுந்து நின்று நேராக விட்டேன். சின்னச் சக்கரம் முட்டி நிற்கும் கல்லில் பெரிய சக்கரம் ஏறி இறங்குகிறது. ஓடைக்குள் கண்ணுக்குத் தெரியாத கல் முன்சக்கரத்தைத் திருப்பப் பார்த்தும் வண்டி பிடி கொடுக்கவில்லை. அந்த ஒரு நாளுக்காக 40,000 ரூபாயா என்று கேட்டால், எனக்கு ஆம். வருடத்தில் 300 நாள் அவிநாசி ரோட்டில் ஆபீஸ் போகிறவர் என்னைப் பார்த்துச் செய்ய வேண்டாம்.

டியூப் விஷயத்தைச் சொல்லியே ஆக வேண்டும். அலாயில் டியூப்லெஸ் இருந்தவரை பஞ்சர் என்றால் பத்து நிமிடம், ஒரு ஸ்ட்ரிப் குத்தினால் முடிந்தது. என் ஸ்போக் வீலில் டியூப். தொப்பூர் தாண்டி ஒரு மத்தியானம் முன்சக்கரம் இறங்கியது. வண்டிக்கு சென்டர் ஸ்டாண்டு கிடையாது. சைடு ஸ்டாண்டில் சாய்த்து, எஞ்சினுக்குக் கீழே கல் அடுக்கி முன்சக்கரத்தைத் தூக்கினேன். புது டியூபைப் போடும்போது லீவரால் நானே கிள்ளி அதையும் பஞ்சராக்கினேன்! அரை கிலோமீட்டர் சக்கரத்தை உருட்டிக்கொண்டு போனால், கடைக்கார அண்ணன், "இவ்வளவு பெரிய வண்டிக்கு டியூப் டயரா தம்பி?" என்று சிரித்துக்கொண்டே இரண்டையும் ஒட்டிக் கொடுத்தார். அன்றிலிருந்து பையில் இரண்டு டியூப். அடுத்த முறை கட்டினால் டியூப்லெஸ் ஸ்போக்தான், விலை இரண்டு மடங்கானாலும்.

மைலேஜ் குறைந்துவிட்டது என்று பலர் புலம்புவார்கள். எனக்கும் 30 காட்டியது 28 ஆனது. ஆனால் ஜிபிஎஸ்ஸில் 100 கிலோமீட்டர் ஓடினால் என் மீட்டரில் 96 அளவுக்குத்தான் ஏறுகிறது. ஆக, குறைந்தது பெட்ரோல் கணக்கில் கொஞ்சம், மீட்டர் கணக்கில் மிச்சம். தலைப்பில் இருக்கும் 22,000-மும் உண்மையில் 23,000-க்குப் பக்கம். ஸ்பீடோ மட்டும் இதனால் திருந்திவிட்டது. முன்பு 100 காட்டும்போது ஜிபிஎஸ் 95 சொல்லும், இப்போது இரண்டும் ஏறக்குறைய ஒன்று.

பராமரிப்பு கூடுதல்தான். முதல் 500 கிலோமீட்டரில் கம்பிகளை இறுக்கினேன், அதன்பின் மாதம் ஒருமுறை ஸ்பேனரால் தட்டிக் கேட்கிறேன். இறுகிய கம்பி டிங் என்னும், தளர்ந்தது டொக் என்னும். 14,000-ல் ஒரு பேரிங் போனது. தனுஷ்கோடி போய் வந்து இரண்டு நாள் கழுவாமல் விட்டதில் கம்பி முனையை ரிம்மில் இறுக்கும் நிப்பிள்களில் துரு பூத்தது. கடற்கரைப் பக்கம் இருப்பவர்கள் ஆரம்பத்திலேயே ஸ்டெயின்லெஸ் கம்பி கேளுங்கள்.

சட்டமும் ஒரு பக்கம் இருக்கிறது. வண்டியில் மாற்றம் செய்வது பற்றிய மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவையும், தயாரிப்பாளர் கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னதையும் படித்துவிட்டுக் கை வையுங்கள். ரோட்டில் போலீஸ் இதுவரை என் சைலன்சரைத்தான் குனிந்து பார்த்திருக்கிறார்கள். விபத்து நடந்து இன்சூரன்ஸ் சர்வேயர் வந்தால் அவர் சக்கரத்தையும் பார்ப்பார்.

2025-ல் வந்த புது 390 அட்வென்ச்சர் 21-17 ஸ்போக்கோடு கம்பெனியிலிருந்தே வருகிறது. இன்று புதிதாக வண்டி எடுப்பவர் லேத் பட்டறை வாசலில் காத்திருக்கத் தேவையே இல்லை. நேற்று தட்டிப் பார்த்தேன், நான்கு கம்பி டொக் என்றது. ஞாயிற்றுக்கிழமை காலையில் கோட்டம் எடுக்கக் கொடுக்க வேண்டும்.