கிட்: மூன்றரை நட்சத்திரம், அதில் ஒன்று ‘கீப்’புக்கு

செங்கோட்டையில் வீட்டு மாடியில் உட்கார்ந்து, பாவூர்சத்திரம் காய்கறி மண்டி ஒன்றுக்கு பில் போடும் மென்பொருள் எழுதுகிறேன். கூட்டாளி மலைக்கு அந்தப் பக்கம், புனலூரில். அவர் எனக்குச் சேட்டன், நான் அவருக்குத் தம்பி. லோடு புளியரை வழியாகப் போகும், கோடு கிட் (Git) வழியாகப் போகும், கோடில் யார் எதை மாற்றினார்கள் என்று பதிவு வைத்துச் சேர்த்துத் தரும் மென்பொருள் அது.

போன ஓணத்துக்கு சாக்கு எடைக் கழிவுக் கணக்கை இரண்டு நாளாகத் திருத்திக்கொண்டிருந்தேன். கமிட் போடவில்லை, அதாவது கிட்டில் பதிவு செய்யவில்லை. அரைகுறையை எதுக்கு கமிட் பண்ணணும் என்ற கௌரவம். அப்படியே சேட்டனின் கிளையை, அதாவது அவர் தனியாக எழுதிவந்த கோடை, என்னுடையதோடு மெர்ஜ் செய்தேன். நான் தொட்ட கோப்புகளை அவர் தொடாததால் கிட் மறுக்காமல் சேர்த்துக்கொண்டது. (தொட்டிருந்தால் மெர்ஜையே ஆரம்பிக்காது. அந்த நல்ல புத்தி அதற்கு உண்டு.) பில்லைத் திறந்தால் நேந்திரங்காய் வரிசையைக் காணோம். போனில் மண்டி அண்ணாச்சி: “தம்பி, லோடு ஏறிட்டு. பில்லு எங்க?”

பதற்றத்தில், எல்லாவற்றையும் பழைய கமிட்டுக்கே திருப்பும் ‘ரீசெட் --ஹார்ட்’ (reset --hard) அடித்தேன். மெர்ஜ் போனது, கூடவே என் இரண்டு நாளும் போனது. “நிசமாவா?” என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. எச்சில் இலையை எடுக்கச் சொன்னால் பந்தியையே வாரிக்கொண்டு போகிற ஆள். ஒரு கோப்பு மட்டும் பிழைத்தது, மெர்ஜுக்குப் பிறகு அதை ‘ஆட்’ செய்து, அதாவது அடுத்த கமிட்டுக்கு எடுத்து வைத்திருந்ததால். எதிலும் சேராமல் கிடப்பவற்றைத் தேடும் ‘எஃப்எஸ்சிகே --லாஸ்ட்-ஃபவுண்ட்’ (fsck --lost-found) போட்டால் பெயரே இல்லாத கோப்புகள் வந்து விழும். ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்து அதைக் கண்டெடுக்க இரவாகிவிட்டது. ‘ஆட்’ செய்யாதது போனது போனதுதான்.

அப்புறம்தான் கையேட்டை ஒழுங்காகப் படித்தேன். மெர்ஜ் முடிந்துவிட்டதென்றால் ‘கிட் ரீசெட் --கீப் ஒரிஜ்_ஹெட்’ (git reset --keep ORIG_HEAD). மெர்ஜுக்கு முன்னால் கிளை நின்ற இடத்தை ஒரிஜ்_ஹெட் நினைவில் வைத்திருக்கும். நடுவில் இன்னொரு மெர்ஜோ ரீசெட்டோ செய்திருந்தால் அது மாறியிருக்கும், கிளை எங்கெங்கே நின்றது என்று குறித்து வைக்கும் ரீஃப்ளாக்கில் (reflog) பார்த்துக்கொள்ளுங்கள். கீப்பின் குணம் எனக்குப் பிடித்தது. கமிட் செய்யாத மாற்றத்தைத் தொடாமல் பின்வாங்கும், முடியாதென்றால் ஒன்றையும் செய்யாமல் மறுத்துவிடும். பலரும் சொல்லித்தருவது ‘ரீசெட் --மெர்ஜ்’. பெயர் பொருத்தமாகத்தான் இருக்கிறது. ஆனால் ‘ஆட்’ செய்துவிட்ட மாற்றங்களை அது துடைத்துவிடும். கீப்பில் அவை கோப்பிலேயே இருக்கும், ‘ஆட்’ நிலை மட்டும் கலையும்.

இருவர் மாற்றமும் ஒரே இடத்தில் மோதி மெர்ஜ் பாதியில் நிற்கும்போது கீப் உதவாது, அங்கே ‘மெர்ஜ் --அபார்ட்’ (merge --abort). அதுவும் கமிட் செய்யாத மாற்றங்களைச் சில நேரம் மீட்க முடியாமல் போகலாம் என்று கையேடே ஒப்புக்கொள்கிறது. மெர்ஜைப் புஷ் செய்து மற்றவர்களுக்கும் அனுப்பியாகிவிட்டதா? அதை ரத்து செய்யும் புதிய கமிட்டைப் போடும் ‘ரிவர்ட் -எம் 1’ (revert -m 1). ஆனால் அதே கிளையைப் பிறகு மறுபடி மெர்ஜ் செய்தால் பழைய மாற்றங்கள் திரும்ப வராது. ரிவர்ட்டையே ரிவர்ட் செய்ய வேண்டும்.

ஒன்றரை நட்சத்திரம் குறைத்தது ஏன்? ஒன்று, ஹார்டின் மௌனத்துக்கு. அரை, ஆட்டோஸ்டாஷுக்கு. மெர்ஜுக்கு முன் நம் மாற்றங்களைத் தானே ஒதுக்கி வைத்து, முடிந்ததும் திருப்பி வைக்கும் இந்த வசதி 2020-இல் 2.27 பதிப்போடு வந்தது. அதை ஏன் அணைத்தே வைத்துக் கொடுக்கிறார்கள் என்று தெரியவில்லை. ‘மெர்ஜ்.ஆட்டோஸ்டாஷ்’ அமைப்பை நாமே ‘ட்ரூ’ ஆக்க வேண்டும்.

போன வாரம் மறுபடி அதே கூத்து, இந்தத் தடவை வரி விகிதத்தில். கீப் அடித்தேன், என் திருத்தங்கள் அப்படியே நின்றன. சேட்டன் போனில் கேட்டார்: “ஒந்நும் போயில்லல்லோ?” இல்லை என்றேன். அவர் சரி செய்து அனுப்பியதை மெர்ஜ் செய்வதற்கு முன் என் வேலையை கமிட் போட்டேன். செய்தியில் எழுதியது: ‘அரைகுறை’.