தொலைமருத்துவ ஒப்புதல்: எழுத்திலா, குரலிலா?

இந்தியாவின் 2020 தொலைமருத்துவ வழிகாட்டுதலின்படி, நோயாளி தாமே மருத்துவரை அழைத்தால் அவருடைய சம்மதம் உள்ளதாகவே கொள்ளப்படும். மருத்துவரோ சுகாதாரப் பணியாளரோ பராமரிப்பவரோ ஆலோசனையைத் தொடங்கினால் வெளிப்படையான ஒப்புதல் வேண்டும். அதைக் குறுஞ்செய்தியாகவோ மின்னஞ்சலாகவோ பெறலாம். குரல், காணொளி வழியாகவும் பெறலாம்.

சான்று: குறுஞ்செய்தி நாளும் நேரமும் காட்டும், தேடி எடுப்பதும் எளிது. குரல் பதிவைப் பாதுகாக்கக் கூடுதல் கவனம் தேவை.

எளிமை: படிக்கச் சிரமப்படும் முதியவருக்குக் குரலே ஏற்றது. பேரனின் கைபேசியிலிருந்து வரும் "சரி" என்ற செய்தி அவருடைய சம்மதம்தான் என்று எப்படி உறுதி செய்வது?

புரிதல்: இதையே முதன்மையாகக் கருதுகிறேன். தொட்டுப் பரிசோதிக்க இயலாததால் நோயறிதலுக்கு வரம்பு உண்டு என்பதையும், தேவைப்பட்டால் நேரில் வரவேண்டும் என்பதையும் மருத்துவர் விளக்க, நோயாளி ஐயம் கேட்டுத் தெளிந்து தம் வாயால் இசைவு சொல்வதில் உள்ள உறுதி, நீண்ட படிவத்தின் அடியில் பொத்தானை அழுத்துவதில் கிடைப்பதில்லை.

ஆகவே, தொடர் சிகிச்சையில் உள்ள, படித்துப் புரிந்துகொள்ளக்கூடிய நோயாளிக்குக் குறுஞ்செய்தி போதும். முதன்முறை ஆலோசனை பெறுபவருக்கும் முதியவருக்கும் குரல்வழி ஒப்புதலே தகும். எவ்வழியில் பெற்றாலும், மருத்துவர் அதை நோயாளியின் பதிவேட்டில் குறித்தாக வேண்டும்.