"டர்போ போயிட்டு" என்று சொல்லி 186,500 ரூபாய் எடுத்துவிட்டார்கள். பழைய டீசல் கார் வைத்திருப்பவர்கள் கவனம்

186,500 ரூபாய். என் இரண்டு மாதச் சம்பளத்துக்கும் கூட. காரில் இருந்த பழுதுக்குச் சம்பந்தமே இல்லாத வேலைக்கு இந்தச் சல்லியைக் கொடுத்திருக்கிறேன் என்பது இன்று மத்தியானம்தான் உறுதியானது. சூட்டோடு எழுதுகிறேன், முன்னுக்குப் பின் இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் இப்படிக் கார் வைத்திருக்கிற ஒருவராவது வாசித்துத் தப்பினால் போதும்.

என்னுடையது 2002ஆம் ஆண்டு வொக்ஸ்வாகன் பசாட், 1.9 டிடிஐ, டர்போ (இஞ்சினுக்குள் காற்றை அழுத்தி ஊதுகிற சாமான்) உள்ள டீசல் கார். மாமா வைத்திருந்து எனக்கு வந்தது. போன மாதம் அம்மாவை ஏற்றிக்கொண்டு செங்கலடியால் பதுளைக்குப் போனோம். மகாஓயா வரைக்கும் ஒரு குறையும் இல்லை. பிபிலை தாண்டி லுணுகலைப் பக்கம் ஏற்றம் தொடங்கியதும், யாரோ பின்னால் கயிறு போட்டு இழுப்பது போல இழுவை செத்துவிட்டது. பின்னால் கறுப்புப் புகை. ஓரமாக நிறுத்தி, ஆஃப் பண்ணித் திரும்ப ஸ்டார்ட் பண்ணினால் பழையபடி இழுக்கும். அடுத்த ஏற்றத்தில் மறுபடி சாகும். பதுளை போய்ச் சேர்வதற்குள் ஏழெட்டுத் தரம் நிறுத்தினேன்.

ஊருக்கு வந்த கையோடு பிரதான வீதியில் "கம்பியூட்டர் ஸ்கான்" என்று பெரிய போர்ட் வைத்திருக்கும் ஒரு கராஜுக்குக் கொண்டுபோனேன். பெயர் போடவில்லை. போட்டால் கதை வேறு பக்கம் இழுபட்டுப் போகும். அம்மாவும் கூட வந்திருந்தார். முதலாளி எங்களை இருத்தி பிளேன்டீ தந்தார். "வழியில நிண்டு பயந்திட்டீங்களா அம்மா" என்று கேட்டார். அந்த ஒரு கேள்வியோடு நான் அவரை நம்பிவிட்டேன்.

ஸ்கானரில் பி1556 என்று ஒரு கோட் வந்தது. நான் அதைப் படம் எடுத்து வைத்துக்கொண்டேன், இப்போது அதுதான் கையில் இருக்கிற சாட்சி. அவர் ஒரு ஹோஸைக் கழற்றி, உள்ளே விரலை விட்டுத் துடைத்து எங்களுக்குக் காட்டினார். விரலில் எண்ணெய். "டர்போ போயிட்டு தம்பி. அதால காத்துச் சென்சரும் அடிச்சிட்டு. இந்த எண்ணெய் இஞ்சினுக்குள்ள போனா ஒருநாள் தானா ரேஸ் ஆகும், திறப்பைக் கழட்டினாலும் நிக்காது." டீசல் இஞ்சினுக்கு அப்படி நடப்பது உண்மைதான், நானும் கேள்விப்பட்டிருக்கிறேன். அம்மாவின் முகத்தைப் பார்த்தேன். "செய்யுங்க அண்ணன்" என்றேன். டர்போவைக் கழற்ற முன் காற்று எங்காவது வெளியேறுகிறதா என்று பார்த்தீர்களா என்று அந்த இடத்தில் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை.

ரீகண்டிஷன் பண்ணிய வேறு டர்போ 118,000, காற்றுச் சென்சர் 46,000, கூலி 18,000, ஸ்கான் 4,500. கொப்பித் தாளில் எழுதித் தந்தார். கடைப் பெயரும் இல்லை, சீலும் இல்லை. மொத்தம் 186,500 ரூபாய், காசாகவே கொடுத்தேன்.

ஐந்தாம் நாள் காரைத் தந்து, கல்லடிப் பாலத்தால் ஆரையம்பதி வரைக்கும் ஓட்டிக் காட்டினார். நன்றாகத்தான் ஓடியது. நம்முடைய ஊர் தட்டை நிலம், சந்திக்குச் சந்தி பிரேக். டர்போ முழுதாக ஊதுகிற அளவுக்கு யாரும் மிதிப்பதில்லை. இந்தப் பழுது இங்கே தெரியவே தெரியாது. இரண்டு கிழமை கழித்துத் திரும்பப் பதுளைக்குப் போனேன். அதே ஏற்றம், அதே கறுப்புப் புகை.

அங்கிருந்தே கோல் எடுத்தேன். "மறுகா எடுங்க தம்பி, வேலையா நிக்கிறன்." மறுகா எடுத்தால் கொழும்பில் நிற்கிறாராம். அடுத்த நாள் நேரே போனால் பெடியன் மட்டும் நின்றான், "முதலாளி இல்லை, மறுகா வாங்க." வாட்ஸ்அப்பில் போட்டதற்கு நீல டிக் விழுந்தது, பதில் இல்லை. நாலாம் தரம் ஆளைப் பிடித்தேன். "இலத்திரனியல் சாமானுக்கு வொரண்டி இல்லையே தம்பி" என்றார். டர்போவுக்கு? "டர்போ நல்லம். இப்ப ஈசியூ, இஞ்சின்ட கம்பியூட்டர், போயிருக்கும். ஒரு 90,000 வரும்." பழைய டர்போவையும் பழைய சென்சரையும் கேட்டேன். "அதுகள் எறிஞ்சிட்டம்." 186,500 வாங்கிய மனிதர் என்னை இருக்கச் சொல்லவும் இல்லை.

அப்புறம் சிநேகிதன் ஒருவன் சொல்லி அக்கரைப்பற்றில் மெக்கானிக் நானா ஒருவரிடம் போனேன். அறுபது வயது இருக்கும். அவர் என் கதையைக் கேட்டுவிட்டுச் சொன்னது இதுதான்: பி1556 என்றால் இஞ்சின் கேட்ட அளவு காற்றழுத்தம் வரவில்லை என்று மட்டும்தான் அர்த்தம். எதனால் வரவில்லை என்று அந்தக் கோட் சொல்லாது. டர்போவாக இருக்கலாம், டர்போவைக் கட்டுப்படுத்தும் வெக்கூம் குழாயாகவோ என்75 வால்வாகவோ இருக்கலாம், கிழிந்த ஹோஸாகவும் இருக்கலாம். மலிவானதில் இருந்துதான் பார்த்துக்கொண்டு போக வேண்டும்.

முதலில் இஞ்சினை ஸ்டார்ட் பண்ணாமல் திறப்பை மட்டும் போட்டு அழுத்தச் சென்சரின் (மாற்றிய காற்றுச் சென்சர் இல்லை, இது வேறு) ரீடிங்கைப் பார்த்தார். 1,010 மில்லிபார். கடற்கரை ஊரில் வெளிக்காற்றின் அழுத்தமும் ஏறக்குறைய அதுதான், ஆகவே அந்தச் சென்சர் சரி. பிறகு வாகனத்தை ஓட்டி மூன்றாம் கியரில் அழுத்தி மிதித்துப் பார்த்தார். இஞ்சின் கேட்டது 2,100 மில்லிபார், வந்தது 1,500கூட இல்லை. கராஜுக்குத் திரும்பி, பிவிசி மூடியில் டயர் வால்வு பொருத்தி வைத்திருந்ததை எடுத்து, ஏர்ஃபில்டர் பக்கத்து ஹோஸின் வாயை அதால் அடைத்தார். கம்ப்ரசரால் மெல்ல ஒரு பார் அளவுக்குக் காற்று விட்டு, சோப்புத் தண்ணீரைத் தெளித்தார். பத்து நிமிடம் இல்லை. டர்போவில் சூடாகி வரும் காற்றைக் குளிராக்கும் இன்டர்கூலருக்குக் கீழே போகும் ரப்பர் ஹோஸின் அடிப்பக்கத்தில் நுரை பொங்கியது.

நாலு விரல் நீளக் கிழியல். சும்மா நிற்கும்போது ஒட்டிக்கொண்டு இருக்கிறது, அழுத்தம் ஏறினால் வாயைத் திறக்கிறது. காற்றுச் சென்சர் இருப்பது டர்போவுக்கு முன்னால். அது அளந்த காற்றில் ஒரு பங்கு பின்னால் கிழியலால் போய்விடுகிறது. அந்தக் காற்றும் உள்ளே வருகிறது என்று நினைத்து இஞ்சின் டீசலைத் தள்ளுகிறது. கறுப்புப் புகைக்குக் காரணம் அதுதான். கிழியலைச் சுற்றி எண்ணெய்ப் பிசுக்கு கட்டியாகப் படிந்திருந்தது. இந்த வயது டீசல் கார்களில் குழாய்க்குள் கொஞ்சம் எண்ணெய் ஈரம் இருப்பது வழமையாம். அம்மாவுக்கு விரலில் காட்டிப் பயப்படுத்திய அதே எண்ணெய், குனிந்து பார்த்திருந்தால் லீக் எங்கே என்று அவருக்கே காட்டியிருக்கும்.

கொழும்பு பஞ்சிகாவத்தையில் இருந்து ஹோஸ் இன்று காலை பஸ்ஸில் வந்தது, 7,500 ரூபாய். நானா கூலியாக 3,000 எடுத்தார். அம்பாறை வீதியில் மிதித்துப் பார்த்தோம்: கேட்டது 2,100, வந்தது 2,080. புகை இல்லை. 10,500 ரூபாயோடு முடிந்திருக்க வேண்டிய வேலை. போட்ட "புதிய" சென்சரும் ஒரிஜினல் இல்லை, நகத்தால் சுரண்ட எழுத்துக் கழன்று வந்தது.

அவசரமாகச் சில விஷயங்கள். ஸ்கானில் கோட் வந்த உடனே சாமான் மாற்ற விடாதீர்கள், அழுத்தம் விட்டு லீக் பார்த்தீர்களா என்று கேளுங்கள். ஒரு பாருக்கு மேல் காற்று விட வேண்டாம். கழற்றும் பழைய சாமானைக் கையில் தர வேண்டும் என்று வேலை தொடங்க முன்னமே சொல்லுங்கள். பெயர் போட்ட பில் இல்லாமல் ஒரு சதமும் கொடுக்காதீர்கள். நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் இலக்கம் 1977. முறைப்பாட்டை மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். எனக்கு இன்னும் நாள் இருக்கிறது, கொப்பித் தாளும் கோட்டின் படமும் வட்ஸ்அப் செய்திகளும் இருக்கின்றன. இரவைக்கு எழுதி முடித்துவிடுவேன்.

நாளைக் காலை கராஜ் திறக்கும்போது வாசலில் நிற்பேன். அந்தப் பழைய டர்போ கெட்டதா நல்லதா என்று நானா பார்க்க வேண்டும். அதை எறிந்ததாக நான் நம்பவில்லை.