மூடிலில் ஐந்து வருடம்: குறை என் பாடத்தில்தான் இருந்தது

மயிலாடுதுறைப் பக்கம் ஒரு கலைக் கல்லூரியில் பொருளியல் நடத்துகிறேன். 2020 ஊரடங்கில் அவசர அவசரமாக மூடிலில் ஏற்றிய வேளாண் பொருளியல் பாடம் இன்னும் அதில்தான் ஓடுகிறது. மூடில் (Moodle) என்பது பாடம், தேர்வு, ஒப்படைப்பு எல்லாவற்றையும் இணையத்தில் நடத்த 2002 முதல் இருக்கிற திறமூல மென்பொருள், இலவசம். மென்பொருளைக் குறை சொல்ல எனக்குப் பெரிதாக ஒன்றுமில்லை. தனி அறை, லேப்டாப், தடையில்லாத நெட் எல்லாம் உள்ள ஒரு பையனை மனதில் வைத்து நான் பாடம் போட்டிருந்தேன். அப்படி ஒருவன் என் வகுப்பில் இதுவரை சேரவில்லை.

முதல் அடி வீடியோவில். 45 நிமிட வகுப்பை அப்படியே ஏற்றிவிட்டேன். இங்கே பல வீடுகளில் ஒரே போன், அதுவும் அண்ணன் வேலை முடிந்து வந்தால்தான் தங்கச்சி கைக்கு. இப்போது எட்டு, பத்து நிமிடத் துண்டுகள். ஒவ்வொன்றுக்கும் தனி ஆடியோ. ஒலித்தரத்தை 64 கேபிபிஎஸ் வைத்தால் பத்து நிமிடம் ஐந்து எம்பிக்குள் அடங்கும். கல்லூரி வைஃபையில் மூடில் ஆப்பில் இறக்கிக்கொண்டு பஸ்ஸில் கேட்கிறார்கள்.

2022இல் பார்வையற்ற மாணவர் ஒருவர் சேர்ந்தார். திரையில் இருப்பதைக் குரலில் படித்துக் காட்டும் என்விடிஏ என்ற இலவசத் திரைவாசிப்பானில் படிப்பவர். இரண்டாவது வாரமே, "சார், உங்க நோட்ஸ் ஏதோ வேற பாஷை பேசுது" என்றார். ஹெட்போனை வாங்கிக் காதில் வைத்தேன். திரையில் 'நெல்' என்று இருந்த இடத்தை எழுத்தெழுத்தாக நகர்த்திக் காட்டினார்: என், ஈ, ஒய், செமிகோலன். நான் பாமினி எழுத்துருவில் தட்டியிருந்தேன். அது ஆங்கில எழுத்துக்குத் தமிழ் வேஷம் போடுவது. கண்ணுக்கு மட்டும்தான் தமிழ். ஒரு கோடை விடுமுறை முழுக்க, கணினிக்கும் தமிழ் எழுத்தாகவே தெரிகிற யூனிகோடுக்கு மாற்றுவதிலேயே போயிற்று. மாற்றியபின் மற்ற பிள்ளைகளும் நோட்ஸுக்குள் சொல் தேட முடிந்தது. இரண்டு வருடமாகத் தேட முடியாமல்தான் இருந்திருக்கிறார்கள், ஒருவரும் வாய் திறக்கவில்லை.

தேர்வில் அவருக்கு மட்டும் 20 நிமிடத்தை 40 ஆக்க, யூசர் ஓவர்ரைடில் ஒரு நிமிட வேலை. ஒப்படைப்புக்கு, கொடுக்க வேண்டிய டியூ டேட், அதற்குப் பிறகு வாங்கவே வாங்காத கட்-ஆஃப் டேட் என்று இரண்டு தேதி உண்டு. முன்பு இரண்டையும் ஒன்றாகவே வைத்திருந்தேன். ஐப்பசி மழையில் கரண்ட் போனால் கதை முடிந்தது. இப்போது பத்து நாள் இடைவெளி. "ஒழுங்கு கெட்டுடும் சார்" என்கிறார் பக்கத்துத் துறை நண்பர். நடவு நேரத்தில் கூலிக்குப் போகிற பெண்ணிடம் எந்த ஒழுங்கைக் கேட்பது?

எனக்கு ரொம்பப் பிடித்த திருத்தம் ஒரு சின்ன விஷயம். கணக்கின் விடை 2 ஏக்கர். ஒரு மாணவி '6 மா' என்று எழுதிப் பூஜ்யம் வாங்கியிருந்தாள். மா என்பது டெல்டாவின் நில அளவு: மூன்று மா ஒரு ஏக்கர், 20 மா ஒரு வேலி. அவள் கணக்கு நூற்றுக்கு நூறு சரி. ஏக்கரை மட்டும் அலகாகக் கொடுத்தது நான். மூடிலின் எண் வினாவில் கூடுதல் அலகும் அதன் பெருக்கமும் கொடுக்கலாம். 'மா' என்று எழுதிப் பக்கத்தில் 3 போட்டேன். அவ்வளவுதான். அதைத் தேடிக் கண்டுபிடிக்க எனக்கு மூன்று வருடம் ஆயிற்று என்பதுதான் வெட்கம்.

கலந்துரையாடல் பகுதி வெகுநாள் மயானம் மாதிரி கிடந்தது. எழுதச் சொன்னால் ஆங்கிலத்தில் எழுதணுமோ என்று பயம். அப்புறம், எடிட்டரில் இருக்கிற ஒலிப்பதிவுப் பொத்தானைக் காட்டி, "உங்க ஊர்ல ஒரு மாவுக்குக் குறுவைச் செலவு என்ன, பேசி அனுப்புங்க" என்றேன். பின்னால் மோட்டார் ஓடும் சத்தத்தோடு உழவுக்கு இவ்வளவு, அறுப்பு மிஷினுக்கு இவ்வளவு என்று வந்து குவிந்தது. என் பாடப்புத்தகத்தில் இல்லாத கணக்கெல்லாம் அதில் இருந்தது.

ஆனால் காது கேளாத ஒரு பிள்ளை சேர்ந்தால் அந்தப் பதிவுகளால் என்ன பயன்? அதனால் கேட்டுக் கேட்டு நானே தட்டிப் பக்கத்தில் போடுகிறேன். இந்த வாரத்துக்கு இன்னும் 11 பாக்கி.