ஸ்கிரைபஸ்ல புக்கு போடுறது எப்படி இருக்கு? ப்ளீடு, மார்ஜின் பத்தி மட்டும் சொல்லுதேன்

புனலூர்ல டிடிபி கடை வச்சிருக்க நம்ம மாப்ள கேட்டான், "மச்சான், மாசாமாசம் பணம் கட்டி இன்டிசைன் எடுக்கணுமா, இல்ல நீ வச்சிருக்க ஸ்கிரைபஸே புக்கு வேலைக்குப் போதுமா"ன்னு. போன்ல பேசினா வளவளன்னு போவும், அதான் எழுதிப் போடுதேன். நான் இருக்கது செங்கோட்டை, அச்சு சிவகாசியில, கஸ்டமர்ல பாதி பேரு மலைக்கு அந்தப் பக்கம். ரெண்டுமே புக்குக்குப் பக்கம் அமைக்கிற சாஃப்ட்வேர்தான், ஸ்கிரைபஸ் ஃப்ரீ, விண்டோஸ்லயும் லினக்ஸ்லயும் ஓடும், இதெல்லாம் தெரிஞ்சதுதான.

தமிழ் பத்தி ஒரு வார்த்தை மட்டும். பழைய 1.4 வெர்ஷன் வச்சிருந்தா தூக்கிப் போட்ரு, அதுல கொம்பு எழுத்துக்குப் பின்னால போய் நிக்கும். 1.5.3-லதான் எழுத்தைச் சரியா கோத்து வைக்கிற ஹார்ஃப்பஸ் உள்ள வந்துச்சு, 2024 ஜனவரியில வந்த 1.6-ல தமிழும் மலையாளமும் ஒரே பக்கத்துல உடையாம வருது. நம்ம ஏரியா விழா மலருக்கு இது பெரிய விசயம், வாழ்த்துரை தமிழ்ல ஒண்ணு மலையாளத்துல ஒண்ணு வரும்லா. நான் தமிழுக்குப் போடுற மீரா இனிமை ஃபான்ட்டே சுதந்திர மலையாளம் கம்ப்யூட்டிங் ஆளுங்க செஞ்சதுதான், சும்மா சொல்லி வச்சேன்.

எனக்கு ரொம்பப் புடிச்சது உள்பக்க மார்ஜின். புது டாகுமெண்ட் திறக்கும்போது டபுள் சைடடுன்னு குடுத்தா லெஃப்ட் ரைட்னு இருந்தது இன்சைடு அவுட்சைடுன்னு மாறிரும், ஒரு தடவ சொன்னா போதும், வலது பக்கத்துக்கு இடப்புறமும் இடது பக்கத்துக்கு வலப்புறமும் அதுவே பாத்துக்கிடும். டெமி 1/8, அதாவது 140க்கு 216 மில்லிமீட்டர், எரநூறு பக்கத்துக்கு மேல போற புக்குன்னா நான் உள்ள 21, வெளிய 15, மேல 18, கீழ 20 வச்சிருதேன். அமேசான்ல நாமளே புக்கு போடுற கேடிபி 151-ல இருந்து 300 பக்கம் வரைக்கும் உள்ள அரை இஞ்சு, 12.7 மில்லிமீட்டர் போதும்னு சொல்லுது, ஆனா அது கொறஞ்சபட்ச கணக்கு. பெர்ஃபெக்ட் பைண்டிங்ல, அதாவது தைக்காம பசையில ஒட்டுறதுல, முதுகை ராவி எடுத்துட்டுதான் பசை போடுதான், அங்கயே கொஞ்சம் போயிரும், அதுக்கு மேல 70 ஜிஎஸ்எம் மேப்லித்தோ பேப்பர் விறைப்பா நிக்கும், விரிச்சுப் புடிச்சாதான் வரிக்கடைசி தெரியும். வாசிக்கிறவன் ரெண்டு கையாலயும் புக்கைப் பொளந்து படிக்கணும்னு என்ன தலையெழுத்து? தையல் பைண்டிங்னா நல்லா விரியும், ரெண்டு மூணு மில்லி கொறைச்சுக்கிடலாம்.

இப்ப எரிச்சலுக்கு வாரேன். ப்ளீடுன்னா, வெட்டும்போது ஓரத்துல வெள்ளை தெரியாம இருக்க படத்தை வெட்டு அளவுக்கு வெளிய கொஞ்சம் நீட்டி விடுறது. ப்ளீடு மூணு மில்லின்னு டாகுமெண்ட்ல போட்டாச்சு, படத்தையும் பக்க ஓரத்தைத் தாண்டி இழுத்து விட்டாச்சு, எல்லாம் சரி. பிடிஎஃப் எடுக்கும்போது ப்ரீ-பிரெஸ்னு ஒரு டேப், அதுக்குள்ள யூஸ் டாகுமெண்ட் ப்ளீட்ஸ்னு ஒரு கட்டம், அதுல டிக் இல்லன்னா நீ போட்ட ப்ளீடு பிடிஎஃப்ல வராது. ஏன்யா, ப்ளீடு வேண்டாம்னா நான் எதுக்கு டாகுமெண்ட்ல போடப் போறேன்? நியாயமா சொல்லணும்னா இன்டிசைன்லயும் இதே கதைதான், அங்கயும் எக்ஸ்போர்ட்ல தனி டிக் உண்டு, அதனால இதுக்காக காசு கட்டி அங்க போவாத. கட்டிங் மார்க் போடாம எடுத்துட்டு பிடிஎஃப்ல பக்க அளவைப் பாரு, 146க்கு 222ன்னு காட்டணும். 140க்கு 216ன்னு காட்டுச்சுன்னா டிக் விழல.

இவ்வளவையும் ஒழுங்கா செஞ்சு அனுப்பினா அச்சகத்துல இருந்து போன் வரும் பாரு. பேரு வேண்டாம், ஒரு இடம்னும் இல்ல. "அண்ணாச்சி, பிடிஎஃப் வேண்டாம், ஓப்பன் ஃபைல் அனுப்புங்க, கோரல்லயோ இன்டிசைன்லயோ." ஓப்பன் ஃபைலுன்னா அவங்களே திறந்து திருத்துற மூல ஃபைலு. ஸ்கிரைபஸ் ஃபைலுன்னா "அது என்ன ஃபைலு"ன்னு கேக்காங்க. போன வேலைக்கு ஒரு தம்பி, பிடிஎஃப்ல ப்ளீடு இருக்கான்னே பாக்காம 140க்கு 216ன்னு வெட்டி கோரல்ல வச்சிட்டு, "ப்ளீடு இல்லண்ணே, நானே இழுத்துட்டேன்"னு சொல்லுதான். அகலத்துல ஆறு மில்லி, உயரத்துல ஆறு மில்லி. கணக்குப் போட்டுப் பாரு, அகலம் 4.3 சதவீதம் கூடுது, உயரம் 2.8 சதவீதம்தான் கூடுது, எழுத்தெல்லாம் பக்கவாட்டுல வீங்கிருச்சு, ஓரத்துல இருந்த பக்க எண்ணு வெட்டுக் கத்திகிட்ட போய் ஒட்டிக்கிட்டு நிக்கி. ப்ரூஃப்லயே புடிச்சதால பிளேட் போடல, இல்லன்னா அந்தக் காச யாரு குடுப்பா? தம்பிகிட்ட கேட்டா, "எல்லாரும் இப்படித்தாண்ணே பண்ணுவாங்க, வித்தியாசம் தெரியாது"ன்னு சொல்லுதான். தெரியுமே, எனக்குத் தெரியுதே!

சாஃப்ட்வேர் மேல இதுல ஒரு குத்தமும் இல்ல, தெரிஞ்சுதான் சொல்லுதேன். மார்ஜினுக்கு ஸ்கிரைபஸ் அருமை, ப்ளீடுக்கு அந்த ஒரு டிக் தவிர அருமை, பெரிய புக்குன்னா ஃபிரேம் ஃபிரேமா இழுத்துக்கிட்டு மெதுவாப் போவும், அத்தியாயத்துக்கு ஒரு ஃபைலுன்னு பிரிச்சுக்கிட்டா அதுவும் சமாளிக்கலாம். ஆனா மாப்ள, இன்னைக்கு என்கிட்ட கேட்டா இன்டிசைனையே எடுத்துரு. நீ புதுசா அச்சகம் புடிக்கப் போற ஆளு, ராத்திரி பத்து மணிக்கு அவன் "ஓப்பன் ஃபைல்"னு கேக்கும்போது அனுப்ப ஒண்ணு இருக்கணும். அவன்கிட்ட ப்ளீடு பத்தி வகுப்பு எடுக்க உனக்குப் பொறுமை கிடையாது, எனக்கே இல்ல.

நான் மாறுவேனான்னா, மாறல. இப்ப கையில இருக்க கோயில் மலரும் ஸ்கிரைபஸ்லதான் ஓடுது. இந்த அச்சகம் ப்ளீடு அஞ்சு மில்லி கேக்கான், கேட்டதே பெரிய சந்தோசம், அஞ்சே வச்சிட்டேன். மெயில்ல முதல் வரியிலயே "பக்க அளவு 150க்கு 226, வெட்டு அளவு 140க்கு 216, எதையும் இழுக்க வேண்டாம்"னு தமிழ்ல பெரிய எழுத்துல அடிச்சு அனுப்பப் போறேன்.